நின்றிருந்த வண்டியின்மீது தவறு வருமா?

கேள்வி: நெரிசலான சாலையில், எதிர்வரிசையைக் குறுக்கே கடந்து கிளைச்சாலைக்குள் திரும்ப, இண்டிகேட்டர் போட்டுக் காத்திருந்தேன். எதிர்ப்பக்கம் வண்டிகள் நகராமல் நின்றுகொண்டிருந்தன. அந்த வரிசையில் இருந்த ஒரு வேன் ஓட்டுநர் எனக்கு இடம் விட்டு நிறுத்தி, முகப்பு விளக்கை மினுக்கி, “போங்கள்” என்று கையசைத்தார். நன்றி சொல்லிவிட்டு மெதுவாகத்தான் நுழைந்தேன். வேனைத் தாண்டும்போது, வரிசைக்கும் சாலை ஓரத்துக்கும் இடையே இருந்த இடைவெளியில் ஒரு பைக் வருவதைப் பார்த்து உடனே பிரேக் போட்டேன். என் கார் நின்றுவிட்டது. நின்ற பிறகுதான் பைக் வந்து மோதியது. ஓட்டிவந்த இளைஞருக்கு மணிக்கட்டில் எலும்பு முறிவு. வேன் போய்விட்டது. இப்போது இன்சூரன்ஸ் நிறுவனம் முழுத் தவறும் என்னுடையது என்கிறது. வழி விட்டவருக்குப் பொறுப்பு இல்லையா? நின்றிருந்த வண்டியின்மீது மோதியவர்மீது தவறு இல்லையா? அந்த இளைஞரைப் போய்ப் பார்க்க நினைக்கிறேன். பார்த்தால் தவறை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று வீட்டில் தடுக்கிறார்கள். என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம். விபத்துக்குள்ளான வண்டிகளைப் பார்வையிட்டு, யார் பங்கு எவ்வளவு என்று அறிக்கை எழுதுவது என் தொழில். உங்கள் கடிதத்தில் இருப்பது போன்ற மோதல் என் மேசைக்கு அடிக்கடி வருகிறது. உங்களுக்கு ஆறுதலான பதிலை மட்டும் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அதனால் கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன்: இந்த விபத்தில் பெரிய பங்கு உங்கள் பக்கம் வருவதற்கே வாய்ப்பு அதிகம். ஆனால் “முழுத் தவறும் உங்களுடையது” என்று இன்சூரன்ஸ்காரர்கள் எழுதியிருப்பதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. எந்த நாட்டில் வசிக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. சதவீதக் கணக்கு நாட்டுக்கு நாடு மாறும். அடிப்படை அவ்வளவாக மாறாது.

வேன் ஓட்டுநரிடமிருந்து தொடங்குவோம். அவர் உங்களுக்குக் கொடுத்தது என்ன? தன்னுடைய முறையை மட்டும்தான். அவருக்குப் பின்னால் நின்றவரின் முறையையோ, அவருக்குப் பக்கத்தில் ஊர்ந்துவரும் பைக்கின் முறையையோ அவர் விட்டுக்கொடுக்க முடியாது. அது அவர் கையில் இல்லை. “என் வண்டி உங்களை இடிக்காது” என்பதற்கு மேல் அந்தக் கையசைப்புக்குப் பொருள் கிடையாது. பிரிட்டனின் சாலை விதிநூல் இதை நேரடியாகவே சொல்கிறது: நான் இங்கே இருக்கிறேன் என்று தெரிவிக்க மட்டுமே முகப்பு விளக்கை மினுக்க வேண்டும், பிறர் மினுக்கினால் அதைப் “புறப்படு” என்ற அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவின் சில மாநில நீதிமன்றங்கள், கையசைத்தவர் “நான் பார்த்துவிட்டேன், வழி காலி” என்று நம்பும்படி சைகை செய்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு வைத்ததுண்டு. ஆனால் அந்த வேன் எங்கே இருக்கிறது என்றே உங்களுக்குத் தெரியாது. ஆகவே அந்த வழியில் அதிக நம்பிக்கை வைக்காதீர்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. வழி விடுங்கள், இடம் விட்டு நிறுத்துங்கள். கையை மட்டும் அசைக்காதீர்கள். நீங்கள் அசைக்கும் கையை நம்பி ஒருவர், தான் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் நுழைந்துவிடுகிறார். பக்கக் கண்ணாடியில் பைக் வருவது தெரிந்தால், உள்ளங்கையைக் காட்டி “நில்லுங்கள்” என்று தடுப்பதுதான் உண்மையான உதவி. இரக்கத்தோடு செய்யப்பட்ட ஒரு கையசைப்பு எலும்பு முறிவில் முடிவதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

அடுத்தது, “என் கார் நின்றிருந்தது” என்ற வாதம். உங்கள் கடிதத்திலேயே நீங்கள் அதிகம் சாய்ந்து நிற்பது இதன்மீதுதான். நின்ற வண்டியின்மீது தவறு வராது என்பது பரவலான நம்பிக்கை; அது தவறான நம்பிக்கை. வண்டி நின்றதா, ஓடியதா என்று யாரும் தீர்ப்பு எழுதுவதில்லை. எங்கே நின்றது, எப்படி அங்கே வந்து நின்றது, எவ்வளவு நேரம் நின்றது, வருகிறவர் கண்ணுக்கு அது எப்போது தெரிந்தது? இந்தக் கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகள்தான் கணக்கை முடிவு செய்யும். வரிசையில் தன் இடத்தில் ஒழுங்காக நிற்கும் கார் ஒன்று. இன்னொருவர் வழியின் நடுவே திடுக்கிட்டு நின்ற கார் இன்னொன்று. இரண்டின் வேகமும் பூஜ்யம்தான் என்றாலும் இரண்டும் ஒன்றல்ல.

உங்கள் கார் நின்ற கணத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். காரில் ஓட்டுநரின் கண்ணுக்கும் முன் பம்பருக்கும் இடையே ஏறத்தாழ 2 மீட்டர் இருக்கும். வேன் உயரமானது, அதன் மறைவைத் தாண்டி உங்கள் கண் வரிசைக்கும் சாலை ஓரத்துக்கும் இடையிலான சந்தினைப் பார்க்கும் நேரத்தில், உங்கள் காரின் மூக்கு ஏற்கெனவே 2 மீட்டர் அந்தச் சந்துக்குள் போயிருக்கும். அந்தச் சந்தின் அகலமே அவ்வளவுதான். அதாவது, நீங்கள் பைக்கைக் கண்டபோதே வழி அடைபட்டுவிட்டது. எவ்வளவு மெதுவாக நுழைந்தாலும் இதுதான் நடக்கும். வேனின் விளிம்போடு காரின் மூக்கு வந்ததுமே முழுதாக நிறுத்தி, ஒரு சாணளவு நகர்த்தி மறுபடி நிறுத்தி, வருகிறவர்கள் பம்பரைக் கண்டு வேகம் குறைக்க நேரம் கொடுத்து, பிறகு நகர்வதுதான் முறை. அது முடியாத இடமென்றால் அந்த இடைவெளியை விட்டுவிட வேண்டும். பின்னால் இருப்பவர் ஹாரன் அடிக்கட்டும்.

பைக்கின் பக்கத்தையும் பார்த்தாக வேண்டும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக் ஒரு நொடியில் 8 மீட்டருக்குச் சற்று அதிகமாக நகரும். எதிர்பாராத ஒன்றைக் கண்டு பிரேக்கைத் தொட ஒன்றரை நொடி ஆகும் என்று கொண்டால், பிரேக் பிடிப்பதற்கு முன்பே 12 மீட்டர் போய்விடும்; நிற்க மேலும் 5, 6 மீட்டர். அதே பைக் மணிக்கு 10 கிலோமீட்டரில் வந்திருந்தால் மொத்தம் 5 மீட்டருக்குள் நின்றிருக்கும். நிற்கும் வரிசையின் ஓரமாக முந்துவது சில இடங்களில் அனுமதிக்கப்பட்டது, சில இடங்களில் தடை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2014-இல் அதைச் சட்டமாக்கியபோது மணிக்கு 30 கிலோமீட்டருக்குக் கீழேதான் செல்ல வேண்டும் என்றும், சாலையின் ஓரக்கல்லை ஒட்டியோ நிறுத்திவைத்த வண்டிகளை ஒட்டியோ புகக் கூடாது என்றும் வரம்பு வைத்தது. உங்கள் பகுதியில் விதி என்னவோ அதைக் கண்டறியுங்கள். அந்த இளைஞர் சென்ற ஓரம் வண்டி ஓட்டவே கூடாத பகுதியாக இருந்தால் உங்கள் பங்கு கணிசமாகக் குறையும். அனுமதி உள்ள இடமாகவே இருந்தாலும், நிற்கும் வரிசையில் திடீரென ஒரு காலி இடம் தெரிந்தால் அங்கே யாரோ குறுக்கே வரக்கூடும் என்று எதிர்பார்ப்பது ஓட்டுபவரின் கடமை. வரிசையில் எல்லா வண்டிகளும் ஒன்றையொன்று ஒட்டி நிற்க, ஒரு வேன் மட்டும் இடம் விட்டு நிற்கிறதென்றால் அதற்குக் காரணம் இருக்கும். குழந்தையோ முதியவரோ கடந்துகொண்டிருக்கலாம். பாதசாரிக் கடவையின் முன் நிற்கும் வண்டியை, உடனே நிறுத்தக்கூடிய வேகத்தில் அல்லாமல் முந்தக் கூடாது என்று 1968-ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை சொல்வதற்கும் இதுவே காரணம்.

உங்கள் வழக்குக்கு நெருங்கிய உறவுள்ள தீர்ப்பு ஒன்று 1966-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வந்தது. நின்றிருந்த வரிசையில் ஒரு பால் டேங்கர் இடம் விட்டுச் சைகை காட்ட, கிளைச்சாலையிலிருந்து ஒரு கார் அந்த இடைவெளி வழியே அங்குலம் அங்குலமாக வெளியே வந்தது. வரிசையை முந்தி வந்த மோட்டார் சைக்கிள் அதன்மீது மோதியது. மோட்டார் சைக்கிள்காரர் பக்கம் 80 சதவீதம், கார் பக்கம் 20 சதவீதம் என்று தீர்ப்பானது. நின்ற வரிசையை அப்படி முந்துவது பேராபத்து நிறைந்த செயல் என்று நீதிபதி குறிப்பிட்டார். இதைப் படித்ததும் உங்களுக்குத் தெம்பு வரும். ஆனால் இரண்டு வேறுபாடுகளைக் கவனியுங்கள். அந்தக் கார் உண்மையிலேயே அங்குலம் அங்குலமாக வந்தது. மேலும், அங்கே மோட்டார் சைக்கிள் முந்தியது வரிசையின் வெளிப்பக்கமாக, சாலையின் நடுப்பகுதியில். உங்கள் விபத்தில் அந்த இளைஞர் வந்தது சாலையின் ஓரமாக இருந்த சந்தில். ஆகவே அந்த 80-ஐ அப்படியே தூக்கி இன்சூரன்ஸுக்கு எழுதும் கடிதத்தில் வைக்காதீர்கள். சைகையை நம்பி வந்த கார் ஓட்டுநருக்கும் அங்கே 20 சதவீதம் விழுந்தது என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

இன்னும் பழைய வழக்கு ஒன்று உண்டு. 1842-இல் அதே நாட்டில். முன்னங்கால்கள் கட்டப்பட்ட ஒரு கழுதையை உரிமையாளர் பொதுச்சாலையில் மேயவிட்டிருந்தார். சரிவில் வேகமாக இறங்கிவந்த குதிரை வண்டி அதன்மீது ஏறியது. கழுதையை அங்கே விட்டது தவறே என்றாலும், தவிர்க்க வாய்ப்பிருந்தும் தவிர்க்காத வண்டிக்காரரே பொறுப்பு என்றது நீதிமன்றம். இல்லாவிட்டால் சாலையில் படுத்துறங்கும் மனிதன்மீது வண்டி ஏற்றுவதையும் நியாயப்படுத்திவிடலாம் என்று நீதிபதி கேட்டார். அன்று ஒருவர்மீதே முழுப் பொறுப்பும் வைக்கப்பட்டது; இங்கிலாந்தில் 1945-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு இருவர் தவறையும் பங்கிட்டுப் பார்க்கிறார்கள், வேறு பல நாடுகளிலும் அப்படியே. ஆனால் அந்தப் பழைய கேள்வி இன்றும் என் அறிக்கைகளில் உயிரோடு இருக்கிறது: வந்தவருக்குத் தவிர்க்க நேரம் இருந்ததா? நீங்கள் நின்று அரை நொடியில் மோதினாரா, மூன்று நான்கு நொடிகள் கழித்து மோதினாரா? அரை நொடி என்றால் நீங்கள் நின்றதால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. நான்கு நொடி என்றால் அவர் பார்க்காமல் வந்திருக்கிறார் என்று பொருள். உங்கள் கடிதத்தில் இந்த ஒரு விவரம்தான் இல்லை. அதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது.

நின்றதை நிரூபிக்க முடியுமா என்றால், ஓரளவு முடியும். உங்கள் காரின் முன்பக்கத்தை இன்னும் பழுது பார்க்கவில்லை என்றால் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். நின்ற காரின்மீது பைக்கின் சக்கரம் மோதினால் தகடு நேராக உள்ளே அமுங்கும். டயரின் கறுப்புத் தடம் ஒரே இடத்தில் வட்டமாகப் பதிந்திருக்கும். கார் நகர்ந்துகொண்டிருந்தால் அந்தத் தடம் இழுபட்டு, முன்னிருந்து பின்னோக்கிக் கோடாக ஓடும். அப்போது பைக்கின் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கும் ஒரு பக்கமாக வளைந்திருக்கும். நேர் வெளிச்சத்திலும், பக்கவாட்டில் டார்ச் அடித்தும், அளவுகோலை அருகில் வைத்தும் படம் எடுங்கள். பல புதிய கார்களில் மோதலுக்கு முந்தைய சில நொடிகளின் வேகத்தையும் பிரேக் நிலையையும் பதிவு செய்யும் கருவி இருக்கிறது. ஆனால் லேசான மோதல் என்றால் அது பதிவாகாமலும் போகலாம். உங்கள் காரில் இருக்கிறதா என்று இன்சூரன்ஸ் சர்வேயரிடம் கேளுங்கள். அக்கம்பக்கக் கட்டடங்களின் கேமராப் பதிவுகள் சில நாள்களில் தாமாக அழிந்துவிடும். இன்றே போய்க் கேளுங்கள். வேனுக்கு அடுத்துப் பின்னால் நின்ற வண்டிக்காரரின் டேஷ் கேமரா உங்களுக்குப் புதையல். அவரைக் கண்டுபிடிக்க முடிந்தால், கையசைப்பைவிட, பைக் எவ்வளவு வேகத்தில் தன்னைக் கடந்தது என்பதைக் கேளுங்கள்.

பின்னால் வந்து மோதியவர்மீதே எப்போதும் தவறு என்கிறார்களே, அது எனக்குப் பொருந்தாதா என்ற எண்ணமும் உங்களுக்குள் இருக்கலாம். அது வரிசையில் தன் இடத்தில் நின்ற வண்டிக்கான விதி. முன்னால் போகிறவர் நின்றாலும் மோதாத அளவு தூரம் விட்டு வர வேண்டியது பின்னால் வருபவரின் கடமை என்பதால் வந்தது. அந்த விதிக்கும் விலக்குகள் உண்டு. 2025 ஜூலையில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கில், நெடுஞ்சாலையில் முன்னால் சென்ற கார் எந்தச் சைகையும் இல்லாமல் சட்டென்று நின்றது. பின்னால் வந்த இளைஞரின் பைக் அதில் மோதி அவர் விழ, பின்தொடர்ந்த பஸ் அவர்மீது ஏறியது. காரில் இருந்த கர்ப்பிணி மனைவிக்குக் குமட்டல் வந்ததால் நிறுத்தினேன் என்பது கார் ஓட்டுநரின் விளக்கம். நீதிமன்றம் காருக்கு 50, பஸ்ஸுக்கு 30, போதிய இடைவெளி விடாத பைக் ஓட்டியவருக்கு 20 சதவீதம் என்று பங்கிட்டது. பின்னால் இருந்து மோதப்பட்ட வண்டிக்கே அங்கே பாதிப் பொறுப்பு. நின்றதால் யாருக்கும் தானாகக் கவசம் கிடைத்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இனி இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத வேண்டிய கடிதம். “வேன்காரர் அனுமதித்தார்” என்று தொடங்காதீர்கள். படிப்பவர் அதை, நீங்கள் பார்க்காமல் நுழைந்தீர்கள் என்பதற்கான ஒப்புதலாகவே எடுத்துக்கொள்வார். எங்கே காத்திருந்தீர்கள், இண்டிகேட்டர் எப்போது போட்டீர்கள், வேனைத் தாண்டும் முன் நிறுத்தினீர்களா, பைக்கை முதலில் கண்டபோது அது எவ்வளவு தொலைவில் இருந்தது, நின்ற பிறகு மோதும்வரை எவ்வளவு நேரம் என்று நடந்த வரிசையில் எழுதுங்கள். நினைவில் இல்லாததை நிரப்பி எழுதாதீர்கள். கையசைப்பை நடுவில் ஒரு வரியாகச் சொல்லிவிடுங்கள், மறைக்க வேண்டாம். ஒரு வரைபடமும் வையுங்கள்: வேனின் நீளம், சந்தின் அகலம், உங்கள் காரின் மூக்கு எவ்வளவு வெளியே இருந்தது என்பது அதில் தெரிய வேண்டும். இறுதியில், பைக்கின் வேகத்தையும், நின்ற வரிசையை முந்தியதையும் கணக்கில் எடுத்துப் பொறுப்பைப் பங்கிடும்படியும், முழுத் தவறு என்ற முடிவுக்கான காரணங்களை எழுத்தில் தரும்படியும் கேளுங்கள். காரணம் எழுதச் சொன்னாலே பல “முழுத் தவறுகள்” பங்காக மாறுவதை நான் கண்டிருக்கிறேன். அதற்கும் அசையவில்லை என்றால் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அமெரிக்காவின் ஒருசில மாநிலங்களில் சிறு பங்கு தவறு இருந்தாலும் இழப்பீடே கிடைக்காது என்ற பழைய விதி இன்னும் இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் வசிக்கிறீர்கள் என்றால், கடிதம் அனுப்புவதற்கு முன்பே வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

கடைசியாக அந்த இளைஞர். போய்ப் பாருங்கள். உங்கள் மனம் சொல்வதுதான் சரி. நலம் விசாரிப்பது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது. மன்னிப்புக் கேட்டதாலேயே கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாகாது என்று இங்கிலாந்தின் 2006-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது; அதே ஆண்டில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணமும் மன்னிப்புக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. எல்லா ஊரிலும் அப்படிச் சட்டம் இருக்காது என்பதால், பேச்சைக் கையைப் பற்றியும் வலியைப் பற்றியும் வைத்துக்கொள்ளுங்கள். யார் தவறு, எவ்வளவு பணம் என்ற பேச்சு எழுந்தால், “அதை இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும்” என்று மட்டும் சொல்லுங்கள். எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். போகும் முன் உங்கள் இன்சூரன்ஸ் முகவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பின்னால் அவர் வேறு வழியாகக் கேள்விப்படுவதைவிட அது நல்லது. மணிக்கட்டு முறிந்தவருக்குச் சில வாரங்களுக்கு வேலைக்குப் போவதே சிரமமாக இருக்கும். அவருடைய மருத்துவச் செலவுக் கோரிக்கை தாமதமாகிறதா என்று விசாரித்து, உங்கள் நிறுவனத்துக்கு ஒரு நினைவூட்டல் அனுப்பினால் அதனால் உங்கள் வழக்குக்கு ஒரு குறையும் வராது.